தனித்து எழும் குரல்

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஆப்கானியப் பெண்களைப் பற்றி இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று காபூலிலிருந்து வந்தது. நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்ற பெயரில் தாலிபான் ஆட்சியாளர் அறிவித்த சட்டத்தின் ஒரு பிரிவு, பெண்ணின் குரலையும் மறைக்கப்பட வேண்டிய அவ்ரத்தாகக் கணக்கிட்டது. பிறர் காதில் விழ அவள் பாடுவதும், கூட்டத்தில் உரத்து ஓதுவதும் அதன்படி தடுக்கப்பட்டவை. மற்றச் செய்தி நியூயோர்க்கிலிருந்து வந்தது. நாட்டை விட்டு வெளியேறிப் போர்த்துக்கலில் தஞ்சம் புகுந்த ஆப்கானிய இளைஞர் இசைக்குழு அங்குள்ள கார்னெகி மண்டபத்தில் வாசித்தது. அக்குழுவில் யுவதிகளும் இருந்தார்கள்.

இந்த யுவதிகளுக்கு ஒரு முன்கதை உண்டு. 2010இல் அஹ்மத் சர்மஸ்த் என்ற இசையறிஞர் காபூலில் தேசிய இசைக் கல்விநிலையத்தை ஆரம்பித்தார். சில ஆண்டுகளில் அங்கு பெண்பிள்ளைகள் மட்டுமே கொண்ட ஓர் இசைக்குழு உருவாயிற்று. அதன் பெயர் ஸுஹரா. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு வைக்கிறோமே, அதே பெயர்தான்; வெள்ளிக் கோளைக் குறிப்பது. ருபாபும் தபேலாவும் வயலினும் சேர்ந்து ஒலித்த அந்தக் குழு 2017 ஜனவரியில் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரில் உலகப் பொருளாதார மாநாட்டில் வாசித்தது. பின்னர் ஜேர்மனிக்கும், 2019இல் பிரித்தானியாவுக்கும் சென்றது. அதை நடத்திய நெகின் கப்பல்வாக் குனார் மாகாணத்துக் குடும்பமொன்றில் பிறந்தவர். உறவினர் எதிர்த்தபோது தந்தை மகளின் பக்கம் நின்றார். 2021 ஓகஸ்டில் தாலிபான்கள் காபூலை நெருங்கியபோது, தன்னுடைய இசை நிகழ்ச்சிப் படங்களையும் பத்திரிகைத் துணுக்குகளையும் அவர் தன் கையாலேயே எரித்தார். அவ்வாண்டு டிசம்பரில் அக்கல்விநிலையத்தைச் சேர்ந்த 270க்கும் மேற்பட்டோர் லிஸ்பன் நகரை அடைந்தனர்.

இவ்விரு செய்திகளையும் கண்டியிலிருந்து வாசிக்கும் நாம் உடனே ஒரு பெருமூச்சு விடுகிறோம். நல்ல காலம், நாம் அப்படியில்லை என்று. உண்மைதான். நமது பெண்பிள்ளைகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள்; நீதிமன்றத்தில் வாதாடுகிறார்கள்; வானொலியில் உரையாற்றுகிறார்கள். எவரும் அவர்கள் வாயை மூடச் சட்டம் இயற்றவில்லை. ஆனால் சட்டம் இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது என்பதை நாம் யோசித்துப் பார்ப்பதில்லை. இக்கட்டுரை அதைத்தான் யோசிக்க முயல்கிறது.

முதலில் நூல்களில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பெண்ணின் குரல் அவ்ரத் என்பது மார்க்கத்தின் முடிந்த முடிவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நமது நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர்களில் ஒருவரான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யா உலூமித்தீனில் இசை கேட்பதன் ஒழுக்கங்களுக்கென்றே ஒரு பாகத்தை ஒதுக்கியிருக்கிறார். அதில் இசை தானாகவே ஹராம் என்று அவர் சொல்லவில்லை. அதை ஹராமாக்கக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறார். பாடுபவர் யார், வாத்தியம் எது, பாட்டின் பொருள் என்ன, கேட்பவரின் மனநிலை எப்படி, கேட்பது எவ்வளவு தூரம் பழக்கமாகிவிட்டது என்று அவரது விசாரணை நீள்கிறது. பாடுபவர் அந்நியப் பெண்ணாக இருந்து, அதனால் பித்னா ஏற்படும் என்ற அச்சமும் இருந்தால் கூடாது என்கிறார். அதே இடத்தில், பெண்ணின் சாதாரணப் பேச்சுக் குரல் அவ்ரத் அல்ல. ஸஹாபாக்கள் காலத்தில் பெண்கள் ஆண்களோடு ஸலாம் கூறியும் கேள்வி கேட்டும் ஆலோசித்தும் வந்தார்கள் என்பதையும் எடுத்துக் காட்டுகிறார். பாட்டுக்கு ஈர்ப்பு அதிகம் என்பதால் அங்கே கவனம் வேண்டும் என்பதே அவர் நிலை. அந்தக் கவனமும் ஆளுக்கு ஆள் மாறும். வாலிபனுக்கு உள்ளது வயோதிபனுக்கு இல்லை. ஆக, இமாமவர்கள் பாடுகின்றவளை மட்டும் நிறுத்தி விசாரிக்கவில்லை. கேட்கின்றவனையும் கூண்டில் ஏற்றுகிறார்.

அல்குர்ஆனின் அஹ்ஸாப் அத்தியாயத்தில் நபிகளாரின் மனைவியரை விளித்து, குரலைக் குழைத்துப் பேச வேண்டாம் என்ற கட்டளை வருகிறது. ஏன் என்ற காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது: உள்ளத்தில் நோய் உள்ளவன் ஆசை கொள்வான். நோய் எவருடைய உள்ளத்தில் என்பதைக் கவனியுங்கள். வசனம் அத்தோடும் முடியவில்லை. நேர்மையான முறையில் பேசுங்கள் என்று தொடர்கிறது. பேசாதிருங்கள் என்று அல்ல. இன்னோர் அத்தியாயம் ஒரு பெண்ணின் குரலையே பெயராகக் கொண்டிருக்கிறது. தன் கணவனைப் பற்றி நபிகளாரிடம் வாதாடி, அல்லாஹ்விடம் முறையிட்ட கவ்லா (ரழி) அவர்களின் பேச்சை இறைவன் செவியேற்றான் என்று தொடங்கும் அந்த அத்தியாயத்துக்கு அல்முஜாதலா, வாதிடும் பெண் என்று பெயர். பெருநாள் தினத்தில் ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்ததும், அதைக் கண்டித்த அபூபக்ர் (ரழி) அவர்களிடம், அவர்களை விட்டுவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் ஸஹீஹான கிரந்தங்களில் இருக்கின்றன. அது பெருநாள், அவர்கள் சிறுமியர் என்று வரையறை போடுபவர்களின் வாதத்தையும் நான் ஒதுக்கவில்லை. கருத்து வேறுபாடு இருக்கிறது. அது அறிஞர்களுக்கிடையில் உள்ள மதிப்புக்குரிய வேறுபாடு. நான் சொல்ல வருவது, இது வாய் திறந்து பேசிய ஒரு மரபு என்பதே. நாமோ பேசாமலேயே முடிவெடுத்துவிட்டோம்.

எப்படி முடிவெடுத்தோம் என்பதற்கு மத்திய மலைநாட்டின் எந்த முஸ்லிம் கிராமத்தையும் பார்க்கலாம். மீலாத் விழா மேடையில் எட்டு வயதுப் பெண்பிள்ளை கஸீதா பாடுகிறாள். சபை உருகுகிறது. பரிசளிக்கிறோம், படம் பிடிக்கிறோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவள் அந்த மேடையில் இல்லை. இறங்கச் சொன்னவர் யார் என்று கேட்டால் பதில் வராது. பள்ளி நிர்வாகம் சொல்லவில்லை, மௌலவி சொல்லவில்லை, அதிபர் சொல்லவில்லை. உம்மாதான், ‘இனிப் போதும் மகள்’ என்று சொல்லியிருப்பார். உம்மாவிடம் அவருடைய உம்மா சொல்லியிருப்பார்.

அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளை அறிந்த ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். அங்கே இசைக்குத் தனி, குழு என இரு வகையும் உண்டு. நமது பெண் பாடசாலைகளில் குழுவுக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது அவ்வளவு கடினமல்ல. பத்துப் பேர் ஒன்றாக நின்று பாடினால் பெற்றோர் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். தனியே பாட ஒரு பிள்ளையைத் தேடும்போதுதான் சங்கடம். குரல் அவ்ரத் என்றால் பத்துக் குரலும் அவ்ரத்துத்தானே? பத்தில் இல்லாத குற்றம் ஒன்றில் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. நமது சங்கடத்துக்குக் காரணம் குரல் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் குழுவில் கரைந்த குரலை நாம் எப்போதும் அனுமதித்தே வந்திருக்கிறோம். கலியாண வீட்டில் குரவையிட்டவர்கள் பெண்கள். தொட்டிலடியில் தாலாட்டியவர்கள் பெண்கள். அறைக்குள்ளே கூடி மௌலிதும் பைத்தும் ஓதியவர்கள் பெண்கள். ரபீஉல் அவ்வலில் சுவருக்கப்பால் அக்குரல் தெருவரை கேட்கும். தெருவில் போகிறவர் காதைப் பொத்திக்கொண்டதில்லை. இஸ்லாமியப் பாடல் ஒலிநாடாக்களில் திரைப்படப் பாடகிகளின் குரலை நம் கடைகளில் கூசாமல் ஒலிக்கவிட்டோம். அவர்களில் பலர் முஸ்லிம்கள்கூட அல்லர். பெண் குரலில் அல்லாஹ்வின் புகழைக் கேட்பது நமக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. அந்தக் குரல் நம் வீட்டு மகளுடையதாக, இன்னாரின் மகள் இன்னாள் என்று அடையாளம் காணத்தக்கதாக இருப்பதே பிரச்சினையாக இருந்தது. நாம் மறைக்க விரும்பியது அவளுடைய பெயரை.

இதன் விளைவை இலக்கியத்தில் பார்க்கிறோம். நாகூர் ஹனீபாவின் பெயர் தெரியாத முஸ்லிம் வீடு தமிழ் பேசும் உலகில் இல்லை. அந்த வீடுகளிலேயே தலைமுறை தலைமுறையாகப் பாடிய பெண்களில் ஒருவர் பெயரையும் நாம் அறியோம். அவர்களின் தாலாட்டுகளைத் தொகுத்தால் ‘நாட்டார் பாடல்’ என்று தலைப்பிடுவோம். கீழக்கரை ஆசியா உம்மா, தென்காசி ரசூல் பீவி என்று சில பெண் ஞானப் பாடகர்களின் பெயர்கள் எழுத்தில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. தப்பாதவை எத்தனையோ.

சற்றுத் தூரம் போய்ப் பார்ப்போம். இந்தோனேசியாவும் ஷாபிஈ மத்ஹபின் பூமிதான். கண்டியிலுள்ள மலாய் முஸ்லிம்களின் வேர்கள் அந்தத் தீவுகளில்தான் இருக்கின்றன. ஆகவே அது நமக்கு முழு அந்நியமல்ல. அந்நாட்டின் மரியா உல்ஃபா 1980இல் மலேசியாவில் நடந்த சர்வதேச கிராஅத் போட்டியில் வென்றவர். அங்கு பெண் காரிகள் சபையில் ஓதுகிறார்கள். ஆண்களும் இருந்து கேட்கிறார்கள். ஜாவாவின் செமராங் நகரில் 1975ஆம் ஆண்டு, குர்ஆன் ஓதக் கற்பித்த ஓர் ஆசிரியர் தம் மாணவியர் ஒன்பது பேரைக் கொண்டு நசீதா ரியா என்ற கஸீதாக் குழுவை அமைத்தார். ஆரம்பத்தில் அவர்களிடமிருந்தது றெபானா, அதாவது நம் நாட்டு ரபானின் உறவு வாத்தியம். பின்னர் ஓர்கன், கிட்டார், வயலின், புல்லாங்குழல் எல்லாம் சேர்ந்தன. முதலில் அரபுப் பாடல்களே பாடினார்கள். மக்கள் புரிந்துகொள்ளும் மொழியில் பாடுங்கள் என்று ஊக்குவித்து, புனைபெயரில் தாமே பாடல்களும் எழுதிக் கொடுத்தவர் புக்ஹாரி மஸ்ரூரி என்ற ஓர் ஆலிம். உலக சமாதானத்தைப் பற்றி அவர் எழுதிய பாடலே 1982இல் அவர்களை நாடறியச் செய்தது. முக்காடணிந்த அப்பெண்கள் 1988இல் மலேசியாவுக்கும், 1994இல் ஜேர்மனிக்கும் சென்றார்கள். 2022இல் ஜேர்மனியின் காசெல் நகரில் நடந்த டொக்கியுமென்டா கலைவிழாவின் ஆரம்ப நாட்களில் மீண்டும் பாடினார்கள். முன்னணிப் பாடகி ரியன் ஜமாயின் ஆரம்பகால உறுப்பினர்களில் ஒருவர். பேரப்பிள்ளைகள் காணும் வயதிலும் ஒலிவாங்கியின் முன் தனித்து நின்றவர்.

அங்கே ஆலிமும் பெண்ணும் எதிரெதிரே நிற்கவில்லை என்பதே இதில் நமக்குரிய செய்தி. கற்பித்தவர் ஓர் ஓதல் ஆசிரியர், பாடல் எழுதியவர் ஓர் ஆலிம். மத்ஹபும் கிதாபும் ஒன்றே, வழக்கம் வேறாகியிருக்கிறது. ஆகவே நம் வழக்கத்தை நாம் கிதாபின் மேல் சுமத்திவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

இப்போது எதிர்த் தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். அதைக் கேலி செய்வது எளிது. பதில் சொல்வது கடினம். ‘நீங்கள் சொல்லும் பெயர் என்பதுதான் ஆபத்து. பெயர் புகழாகும், புகழ் பெருமையாகும், பெருமை முகஸ்துதியாகும். சந்தை அவளை விடாது. முதலில் குரலை விற்பார்கள், பிறகு முகத்தை, பிறகு உடலை. அடக்கம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஈமானின் கிளை. அதை ஒரு கைதட்டலுக்காக இழக்க வேண்டுமா?’

இதில் உண்மை இருக்கிறது. ஸுஹராக் குழுவை டாவோஸுக்கு அழைத்த கனவான்களின் கரகோஷத்தில் இசை ரசனை எவ்வளவு, ‘பாருங்கள், நாம் விடுவித்த பெண்கள்’ என்ற திருப்தி எவ்வளவு என்று பிரிக்க முடியாது. 2021இல் அதே உலகம் அந்நாட்டை விட்டு வெளியேறியபோது, அப்பெண்கள் தங்கள் படங்களைத் தாங்களே எரிக்க வேண்டியிருந்தது. டுபாய் எக்ஸ்போவுக்காக அரபு நாடுகள் பலவற்றின் பெண்களைத் திரட்டி உருவான பிர்தவ்ஸ் இசைக்குழுவை நம் ஏ. ஆர். ரஹ்மான் வழிநடத்தினார், லெபனானைச் சேர்ந்த யாஸ்மினா ஸப்பாஹ் நெறிப்படுத்தினார். 2021 ஒக்டோபரில் அதைக் கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். ஆயினும் அரசுகளும் கண்காட்சிகளும் பெண்களின் இசையைத் தம் முகப்பு அலங்காரமாகவும் பயன்படுத்துகின்றன என்பதை மறுக்க முடியுமா? வாயை மூடுபவனும் அவளிடம் கேட்கவில்லை. தன் விளம்பரத்துக்காக வாயைத் திறக்கச் சொல்பவனும் சில வேளைகளில் கேட்பதில்லை.

ஆனால் இந்த வாதத்திலிருந்து பெண்ணை மட்டும் மேடையிலிருந்து இறக்கும் முடிவு எப்படிப் பிறக்கிறது? முகஸ்துதி ஆண் பாடகனைத் தொடாதா? அழகிய கிராஅத்துக்காகப் புகழப்படும் காரியைத் தொடாதா? மிம்பரில் நின்று சபையை அழவைக்கும் பேச்சாளனைத் தொடாதா? அவர்களுக்கு நாம் என்ன சொல்கிறோம்? நிய்யத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்கிறோம். பேசுவதை நிறுத்துங்கள் என்று சொல்வதில்லை. ஆணின் நஃப்ஸுக்குப் பயிற்சியும் பெண்ணின் நஃப்ஸுக்குப் பூட்டும் என்பது நீதியாகுமா? அடக்கம் ஈமானின் கிளை என்றால் அது அவள் தன்னில் வளர்க்கும் பண்பு. பிறர் சேர்ந்து அவள்மேல் திணித்த மௌனத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டலாகாது. பாட முடிந்தும் பாடாதிருப்பவளுடைய அடக்கத்துக்குக் கூலி உண்டு. பாடவே விடப்படாதவளுக்கு அடக்கத்தைத் தெரிவுசெய்யும் வாய்ப்பும் இல்லாமற் போகிறது.

இந்த இடத்தில் மௌனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கன்னிப் பெண்ணின் மௌனம் நிகாஹுக்கு அவளது சம்மதமாகக் கொள்ளப்படும் என்ற ஹதீஸை நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்த ஹதீஸின் முதற்பகுதி, அவளிடம் அனுமதி கேட்கப்பட வேண்டும் என்பது. கேட்டபிறகு வரும் மௌனமே பதில். கேட்காமலே நிலவும் மௌனம் பதிலாகாது. 1951ஆம் ஆண்டு நம் நாட்டில் இயற்றப்பட்ட முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கோரவில்லை. நமது பெண்கள் பலர் அதை மாற்றக் கோரி நீண்ட காலமாகப் போராடி வந்திருக்கிறார்கள். பாட்டுக்கும் பதிவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரண்டிலும் அவளுக்காக வேறொருவர் பேசுகிறார். ஒரு பெண் தன் பெயரில், தன் குரலில் ‘சம்மதம்’ என்றோ ‘சம்மதமில்லை’ என்றோ சொல்வதைக் கேட்டுப் பழகாத சபைக்கு, அவள் தனியே நின்று பாடுவது மட்டும் எப்படி இயல்பாகத் தோன்றும்?

இதே கண்டியில் 1838இல் பிறந்து, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்தி லெப்பை, 1891இல் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை இங்கே திறந்தார். அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவருடைய சகோதரி. பெண் ஓதினால் போதும், எழுதக் கற்றால் கெட்டுப்போவாள் என்ற எண்ணம் தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே வேரோடியிருந்த காலம் அது. எழுத்து ஒரு பெண்ணின் பெயரை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகும் என்பதே அந்த அச்சத்தின் உள்ளடக்கம். இன்று நம் மகள் எழுதுவதை எவரும் ஃபித்னா என்று சொல்வதில்லை. எழுத்து மாறவில்லை, வாசிக்கிறவர்களாகிய நாம் மாறினோம், பழகினோம்.

எல்லா முஸ்லிம் பெண்களும் மேடையேறிப் பாட வேண்டும் என்று நான் எழுதவில்லை. மார்க்கக் காரணத்தை விளங்கி, தானே சிந்தித்து, பாடமாட்டேன் என்று ஒரு பெண் சொன்னால் அவளது அந்தச் சொல்லும் தனிக்குரல்தான். அதற்கும் மரியாதை செய்வோம். நம்முடைய கடமை கேட்போரின் பக்கத்தில் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி விசாரித்த வரிசையில் நாமும் ஒருமுறை நிற்க வேண்டும்: எதைத் தேடிக் கேட்கிறேன், கேட்டபின் என் உள்ளத்தில் எஞ்சுவது என்ன என்று. பித்னாவுக்குரிய பொறுப்பில் கேட்பவனின் பங்கை அவனே சுமக்கட்டும்.

அடுத்த மீலாத் விழாவுக்கோ தமிழ்மொழித் தினத்துக்கோ பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் ஆசிரியரிடமும், உம்மா வாப்பாவிடமும் ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு தனியே பாடிய பிள்ளையின் பெயரை வயதைப் பார்த்து வெட்டுமுன் அவளைக் கூப்பிட்டு, ‘மகள், உனக்குப் பாட விருப்பமா?’ என்று ஒருமுறை கேளுங்கள். அவள் என்ன சொல்கிறாளோ அதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.